இன்ஜின் போல்ட்டுகளுக்குத் திரெட்லாக்கர்: எங்கே தேவை, எங்கே ஆபத்து, எப்படி இடுவது

போல்ட் தானாகக் கழலாதிருக்க அதன் மரையில் இடும் திரவப் பசைதான் திரெட்லாக்கர். புதிதாக வாங்கிய திரெட்லாக்கர் குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால் உள்ளே நிறைய காலி இடம் தெரியும். அளவைக் குறைத்து ஏமாற்றிவிட்டார்களோ என்று தோன்றும். உண்மையில் அந்தக் காலி இடத்துக் காற்றுதான் உள்ளே இருப்பதைத் திரவமாகவே வைத்திருக்கிறது. குப்பியும் காற்று ஊடுருவக்கூடிய பிளாஸ்டிக்கால் செய்யப்பட்டது. காற்று தொட்டுக்கொண்டிருக்கும்வரை அது திரவம். காற்று நுழையாத இடுக்கில், இரும்பு, செம்பு போன்ற உலோகத்தைத் தொட்டபடி அடைபட்டால் கெட்டிப் பிளாஸ்டிக்காக மாறிவிடும். இந்த இரண்டும் சேர்ந்து அமைகிற இடம் இறுக்கிய போல்ட்டின் மரை. அமெரிக்காவின் ட்ரினிட்டி கல்லூரியில் வேதியியல் பேராசிரியராக இருந்த வெர்னன் கிரீபிள் 1953-இல் இதைக் குப்பியில் அடைத்து விற்கக்கூடிய பொருளாக ஆக்கினார். லாக்டைட் என்ற வணிகப் பெயர் அதற்கு வைக்கப்பட்டதுதான்.

காற்று, உலோகம் என்ற இந்த இரண்டையும் நினைவில் வைத்துக்கொண்டால் பின்னால் வரும் பாதிச் சந்தேகங்கள் தாமாகவே தீரும். போல்ட் தலையைச் சுற்றி வழிந்தது ஏன் நாள்கணக்கில் ஈரமாகவே இருக்கிறது? அங்கே காற்று இருக்கிறது. குப்பியின் மூக்கை ஏன் போல்ட்டில் தேய்க்கக்கூடாது? உலோகத் துகள் மூக்கின் வழியே உள்ளே போனால் குப்பிக்குள்ளேயே உறைதல் தொடங்கலாம்.

போல்ட் ஏன் கழல்கிறது

ஒரு போல்ட்டை இறுக்கும்போது அது கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு நீள்கிறது. நீண்ட போல்ட் மீண்டும் சுருங்கப் பார்க்கிறது. அந்த இழுவிசைதான் இரண்டு பாகங்களையும் சேர்த்து அழுத்திப் பிடிக்கிறது. நாம் ஸ்பேனரில் கொடுக்கும் முறுக்குவிசையில் ஏறத்தாழ பாதி போல்ட் தலைக்கு அடியிலான உராய்வுக்கும், 40 சதவீதம் மரை உராய்வுக்கும் செலவாகிவிடும். மிஞ்சும் 10 சதவீதம்தான் போல்ட்டை நீட்டுகிறது. இந்தக் கணக்கு பிறகு தேவைப்படும்.

1969-இல் ஜெர்மானியப் பொறியாளர் கெர்ஹார்ட் யுங்கர் ஒன்றைக் காட்டினார். போல்ட்டின் அச்சுவாக்கில் வரும் அதிர்வைவிட, அச்சுக்குக் குறுக்கே பாகங்கள் இப்படியும் அப்படியும் வழுக்கும் அசைவுதான் போல்ட்டைத் தானாகச் சுழற்றிக் கழற்றுகிறது. அவர் பெயரிலான சோதனையில், நாம் காலங்காலமாக நம்பிவரும் ஸ்பிரிங் வாஷர் பெரிய உதவி எதையும் செய்வதில்லை. மரைக்கும் மரைக்கும் நடுவே எப்போதும் ஒரு பக்கத்தில் சிறு இடைவெளி இருக்கும். குறுக்கு வழுக்கலுக்கு இடம் கொடுப்பது அந்த இடைவெளிதான். திரெட்லாக்கர் அதை நிரப்பிக் கெட்டியாகிறது. அதன் வேலை அவ்வளவே. இறுக்கமில்லாத போல்ட்டை அது இறுக்கமாக்காது; தேய்ந்த மரையைப் புதிதாக்காது. சரியாக முடுக்கிய போல்ட் இடம்பெயராமல் பார்த்துக்கொள்ளும்.

நிறங்கள்

குப்பியின் நிறத்தை மட்டும் நம்பக்கூடாது, எண்ணைப் படிக்கவேண்டும். பொதுவழக்கில் ஊதா குறைந்த வலிமை, நீலம் நடுத்தரம், சிவப்பு உயர் வலிமை. லாக்டைட் வரிசையில் 222 ஊதா, 242-உம் 243-உம் நீலம், 262, 271 ஆகியவை சிவப்பு. ஆனால் அதே நிறுவனத்தின் 290 பச்சை. அது ஏற்கெனவே முடுக்கிய போல்ட்டின் இடுக்கில் தானாகவே கசிந்து இறங்கும் நீர்த்த வகை. பச்சை என்றால் சிவப்பைவிட வலியது என்றோ மெல்லியது என்றோ யாராவது சொன்னால் எந்தப் பச்சை என்று கேளுங்கள். வேறு நிறுவனங்கள் இந்த நிற வழக்கத்தைப் பின்பற்றவேண்டிய கட்டாயமும் இல்லை.

வீட்டில் வேலை செய்கிறவருக்கு 243 போன்ற ஒரு சிறிய நீலக் குப்பி போதும் என்பது என் கருத்து. சாதாரணக் கைக்கருவியால் கழற்றலாம், 180 டிகிரி செல்சியஸ் வரை தாங்கும், லேசான எண்ணெய்ப் பிசுக்கு இருந்தாலும் பிடிக்கும். எம் 5 (5 மில்லிமீட்டர் விட்டம்), அதற்கும் சிறிய ஸ்க்ரூக்களுக்கு ஊதா இருந்தால் நல்லது. அவற்றை நீலத்தில் பிடிக்கவைத்தால் கழற்றும்போது தலை சிதையலாம். சிவப்பை, வண்டியின் சர்வீஸ் கையேடு பெயர் சொல்லிக் கேட்டால் ஒழிய, இன்ஜின் பக்கம் கொண்டுபோகாதீர்கள். அலுமினிய க்ராங்க் கேஸில் (இன்ஜினின் கீழ் உறை) சிவப்பிட்ட எம் 6 போல்ட் என்றால், அடுத்த முறை வெளியே வருவது போல்ட்டா, துளையின் மரையா என்பது சந்தேகம்தான்.

எந்த போல்ட்டுக்கு என்று எப்படித் தெரிந்துகொள்வது

உங்கள் வண்டியின் சர்வீஸ் கையேடுதான் இதில் கடைசி வார்த்தை. பெரும்பாலான கையேடுகள் இதைத் தெளிவாகவே குறிக்கின்றன. குறியீட்டைப் படிக்கத் தெரியவேண்டும். யமஹா கையேட்டின் பிரித்துக் காட்டும் படங்களில் ‘எல்டி’ என்ற ஆங்கில எழுத்துகளைத் தேடுங்கள். கவாசாகியின் முறுக்குவிசை அட்டவணையில் குறிப்பு என்ற பத்தியில் ‘எல்’ என்ற ஒற்றை எழுத்து இருக்கும். சுசுகி திரெட் லாக் என்று எழுதி 1322, 1342, 1303 போன்ற தன் சொந்த எண்ணைத் தரும். ஹோண்டா ஒரு சிறு படக்குறி போடும். வேறு எதுவும் சொல்லப்படாவிட்டால் நடுத்தர வலிமை என்று பொருள். ஹோண்டாவில் இன்னொன்றும் உண்டு: ‘ஏஎல்ஓசி’ என்று குறித்த போல்ட்டுகள் தொழிற்சாலையிலேயே பசை பூசி வருபவை. அவற்றைக் கழற்றினால் புதியதை வாங்கிப் போடச் சொல்கிறது கையேடு.

பட்டியலை ஒருமுறை புரட்டினால் ஓர் ஒழுங்கு புலப்படும். கேம் ஸ்ப்ராக்கெட் போல்ட்டுகள், க்ராங்க் கேஸுக்குள் பேரிங்கைப் பிடித்திருக்கும் தகட்டின் ஸ்க்ரூக்கள், கியர் ட்ரம்மின் (கியர் மாற்றும்போது சுழலும் பீப்பாய் வடிவப் பாகம்) நட்சத்திரத் தகட்டைப் பிடிக்கும் நடு போல்ட், கியர் லீவர் ஸ்பிரிங் தாங்கும் முளை, ஃப்ளைவீலுக்குப் பின்னால் ஸ்டார்ட்டரின் ஒருவழிக் கிளட்சைப் பிடிக்கும் போல்ட்டுகள், ஸ்டேட்டர் காயில் ஸ்க்ரூக்கள், பிக்-அப் காயில் ஸ்க்ரூக்கள்: பெரும்பாலும் இவைதான் வரும். எல்லாம் மூடிக்குள் இருப்பவை. ஓடும்போது யார் கண்ணிலும் படாதவை. ஒன்று கழன்றால் நேரே கியருக்கோ சங்கிலிக்கோ இடையில் போய் விழக்கூடியவை. இன்னொரு ஒற்றுமை, இவை குட்டையானவை. குட்டை போல்ட் மிகக் கொஞ்சமே நீளும். தலைக்கு அடியில் உலோகம் முடியிழை அளவு படிந்தாலே அதன் இழுவிசை பெரும்பங்கு போய்விடும். நீளமான போல்ட் அந்தப் படிதலைத் தாங்கிக்கொள்ளும். கனெக்டிங் ராட் போல்ட்டுக்கும் சிலிண்டர் ஹெட் ஸ்டட் நட்டுக்கும் பசை கேட்காததற்கு இதுவும் ஒரு காரணம்.

தொடக்கூடாத இடங்கள்

கனெக்டிங் ராட் போல்ட்டுகளிலும் ஹெட் நட்டுகளிலும் கையேடு பொதுவாக இன்ஜின் ஆயிலோ மாலிப்டினம் கலந்த மசகோ தடவச் சொல்லும். அதற்குப் பதில் திரெட்லாக்கர் தடவினால் உராய்வுக் கணக்கே மாறிவிடும். அங்கே கணக்கு தப்பினால் இன்ஜின் போய்விடும்.

ஸ்பார்க் பிளக், ஆயில் வடிக்கும் போல்ட், வாஷரால் அடைக்கும் எந்த போல்ட்டானாலும் வேண்டாம். ஆயில் வடிகால் போல்ட் கசிந்தால் வாஷரை மாற்றுங்கள். டாப்பெட் லாக் நட்டுகள் அடிக்கடி திறக்கப்படுபவை. அவற்றின் பூட்டு அந்த நட்டேதான். சைலன்சர் ஸ்டட்டுகளில் திரெட்லாக்கர் இட்டால் வெப்பத்தில் கருகிப் பொடியாகும். அங்கே தேவைப்படுவது மரை இறுகிப்போகாமல் தடுக்கும் மசகு. கிளட்ச் ஹப் நட்டுக்குப் பெரும்பாலும் மடிக்கும் வாஷர் இருக்கும், அல்லது நட்டின் விளிம்பைத் தட்டிப் பள்ளத்தில் இறக்கிப் பூட்டியிருப்பார்கள். அந்தப் பூட்டைப் புதுப்பியுங்கள். பசை அதற்கு மாற்று இல்லை.

ஃப்ளைவீலைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். அது க்ராங்கின் கூம்பு முனையில் உட்கார்ந்து, கூம்பின் பிடியில் நிற்கிறது. கூம்பு துடைத்துச் சுத்தமாக, உலர்ந்து இருக்கவேண்டும். ‘பிடி கூடட்டும்’ என்று கூம்பில் திரெட்லாக்கர் தடவுகிறவர், அடுத்த முறை அதைக் கழற்றும் கருவியான புல்லரின் மரையையே பிய்த்துக்கொண்டு நிற்பார்.

பிளாஸ்டிக் அருகிலும் கவனம். ஏபிஎஸ், பாலிகார்பனேட் வகைப் பிளாஸ்டிக்குகளில் இந்தத் திரவம் பட்டால் அழுத்தம் உள்ள இடத்தில் விரிசல் விடும். பக்கவாட்டு மூடிகள், விளக்குக் கண்ணாடிகள், மீட்டர் பெட்டி ஆகியவற்றின் அருகே குப்பியை எடுத்துப் போகவே வேண்டாம்.

இன்ஜின் வெளிமூடிகளின் எம் 6 போல்ட்டுகளைப் பற்றித்தான் அதிகம் கேட்கிறார்கள். ‘மூன்று மாதத்துக்கு ஒருமுறை லூசாகிறது, லாக்டைட் போடலாமா?’ கையேடு கேட்காத மூடியில் அது லூசாகிறது என்றால் வேறு காரணம் இருக்கிறது. காஸ்கெட் அமுங்கியிருக்கலாம், நீளம் மாறிய போல்ட் தவறான துளையில் இருக்கலாம், அலுமினிய மரை தேய்ந்திருக்கலாம். திரெட்லாக்கர் அந்தக் காரணத்தை மறைத்துவைக்கும். சில மூடிகளில் ஓரிரு போல்ட்டுக்கு மட்டும் கையேடே பசை கேட்கும். அந்தத் துளை உள்ளே ஆயில் பக்கம் திறக்கிறது என்பது வழக்கமான காரணம்.

கருவிகள்

5 முதல் 25 நியூட்டன் மீட்டர் வரை முறுக்குவிசையை அளக்கும் சிறிய டார்க் ரெஞ்ச் இன்றியமையாதது. பெரிய டார்க் ரெஞ்ச் எம் 6 போல்ட்டுக்கு உதவாது, அதன் அளவுகோலின் அடிமட்டத்தில் நம்பகம் குறைவு. இவற்றோடு பித்தளைக் கம்பித் தூரிகை, அசிட்டோன் அல்லது பிரேக் கிளீனர், காது குடையும் பஞ்சுக்குச்சி, நூல் உதிராத துணி, நைட்ரைல் கையுறை, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, பெயின்ட் பேனா. கையுறையை அலட்சியம் செய்யவேண்டாம். இந்தத் திரவத்தில் உள்ள மெத்தாக்ரிலேட் சேர்மங்கள் சிலருக்குத் தோல் ஒவ்வாமை உண்டாக்கும், ஒருமுறை வந்தால் பிறகு ஒவ்வொரு முறையும் வரும்.

படிப்படியாக

1. கழற்றும்போதே கவனியுங்கள். போல்ட் வெளியே வந்ததும் மரையைப் பாருங்கள். வெள்ளையாகவோ வெளிர் நீலமாகவோ பொருக்கு ஒட்டியிருந்தால் அங்கே ஏற்கெனவே திரெட்லாக்கர் இருந்திருக்கிறது. அதைக் குறித்துக்கொள்ளுங்கள். போல்ட்டுகளை ஓர் அட்டையில் மூடியின் வடிவத்தை வரைந்து, அந்தந்த இடத்தில் குத்திவையுங்கள். நீளம் மாறிப்போவது பசை தவறுவதைவிடப் பெரிய கேடு.

2. போல்ட்டைச் சுத்தம் செய்யுங்கள். பழைய பொருக்கைக் கம்பித் தூரிகையால் தேய்த்து எடுத்து, பிறகு அசிட்டோனில் நனைத்த துணியால் மரையின் பள்ளம் பள்ளமாகத் துடையுங்கள். வெள்ளைத் துணியில் கருப்புக் கறை வராத வரை. கடைசித் துடைப்புக்கு மண்ணெண்ணெய், டீசல், பெட்ரோல் எதுவும் கூடாது. அவை மெல்லிய பிசுக்கை விட்டுச்செல்லும். 243 எண்ணெயைச் சகித்துக்கொள்ளும் என்பது உண்மை. அதைத் துடைக்காமல் விடுவதற்கு அனுமதியாக எடுத்துக்கொள்ளக்கூடாது.

3. துளையைச் சுத்தம் செய்யுங்கள். பலரும் விட்டுவிடுகிற படி இது. பசை பிடிக்காமல் போவதற்குப் பெரும்பாலும் துளைக்குள் கிடக்கும் எண்ணெய்தான் காரணம். பழைய பசைப் பொருக்கை எடுக்க மரை வெட்டும் டேப்பை அலுமினியத் துளைக்குள் விடாதீர்கள். அது நல்ல உலோகத்தையும் சேர்த்துச் சுரண்டிவிடும். மரை துடைக்கும் சேஸர் இருந்தால் நல்லது. இல்லையென்றால் அதே அளவுள்ள பழைய போல்ட் ஒன்றை எடுத்து, நுனியிலிருந்து நீளவாக்கில் ஹேக்ஸா பிளேடால் ஒரு பள்ளம் அறுத்து, ஓரத்துப் பிசிரை அரத்தால் நீக்குங்கள். அதைக் கையால் மெல்லத் திருகி உள்ளே விட்டு எடுத்தால் பொருக்கு அந்தப் பள்ளத்தில் சேர்ந்து வெளியே வந்துவிடும். இரண்டு மூன்று முறை துடைத்துத் துடைத்து இறக்குங்கள். பிறகு அசிட்டோன் தொட்ட பஞ்சுக்குச்சி. அது சுத்தமாக வரும்வரை. இன்ஜின் திறந்திருக்கும்போது இந்த வேலை நடக்கிறது என்பதால் மற்ற வாய்களைத் துணியால் அடைத்துக்கொள்ளுங்கள். காற்றால் ஊதினால் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்.

அடி அடைபட்ட துளைகளில் திரவம் எதுவும் தேங்கியிருக்கக்கூடாது. ஆயிலோ கிளீனரோ அடியில் கிடக்க, மேலே போல்ட்டை முறுக்கினால், அமுக்க முடியாத அந்தத் திரவம் க்ராங்க் கேஸையே பிளந்துவிடும். இது மிகைப்படுத்தல் இல்லை.

4. பசையில்லாமல் ஒருமுறை மாட்டிப் பாருங்கள். போல்ட் விரலாலேயே கடைசிவரை போகவேண்டும். பாகம் சரியாக உட்கார்ந்ததா, முளை துளையில் விழுந்ததா, கேம் டைமிங் குறிகள் நேராக இருக்கின்றனவா என்பதெல்லாம் இப்போதே முடிந்துவிடவேண்டும். டார்க் ரெஞ்சின் அளவை இப்போதே அமைத்துவையுங்கள். பசை இட்டபிறகு யோசிக்க நேரமில்லை.

5. பசையை இடுங்கள். குப்பியை முதலில் நன்றாகக் குலுக்குங்கள். ஊடு துளை என்றால் போல்ட்டின் மரை எந்த இடத்தில் துளை மரையோடு சேருமோ அங்கே விடுங்கள். நுனியில் விட்டது மறுபக்கம் வெளியே போய் வீணாகும். அடி அடைபட்ட துளை என்றால் போல்ட்டில் தடவுவது போதாது. போல்ட் இறங்கும்போது உள்ளே அடைபட்ட காற்று மேலே வரும், வரும்போது பசையையும் தள்ளிக்கொண்டு வந்துவிடும். அங்கே துளையின் அடி மரையில் ஒரு சிறு சொட்டு விடவேண்டும். முன்சொன்ன பிளக்கும் ஆபத்தை நினைத்து, சொட்டு சிறியதாகவே இருக்கட்டும்.

அளவு? எம் 6 போல்ட்டுக்கு ஒரு சொட்டு. எம் 8-க்கு இரண்டு. ஹோண்டா கையேடுகள் பலவற்றில் போல்ட் நுனியிலிருந்து 6.5 மில்லிமீட்டர் அகலத்துக்குப் பூசினால் போதும் என்று அளவே கொடுத்திருக்கிறார்கள். முழு மரையையும் நனைப்பது தேவையற்றது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம். சொட்டு மரையைச் சுற்றிவர ஓடியிருந்தால் சரி. பேரிங், ஒருவழிக் கிளட்சின் உருளைகள், ஆயில் துளைகள் ஆகியவை அருகில் இருந்தால் இன்னும் குறைத்துக்கொள்ளுங்கள். பேரிங்குக்குள் இறங்கிய சொட்டு அங்கேயும் காற்றில்லாத இடுக்கைக் கண்டுபிடித்து உறையும்.

6. உடனே இறுக்குங்கள், ஒரே மூச்சில். பல போல்ட்டுகள் இருந்தால் எல்லாவற்றுக்கும் பசையிட்டு வரிசையாக வைக்காதீர்கள். ஒவ்வொன்றாக இட்டு விரலால் செருகி, பிறகு கையேடு சொன்ன வரிசையில் இறுக்குங்கள். டார்க் ரெஞ்ச் ‘க்ளிக்’ என்றதும் கையை எடுங்கள். அரைமணி கழித்து ‘இன்னும் கொஞ்சம்’ என்று முறுக்குவது உறைந்துகொண்டிருக்கும் பிடியை உடைக்கும். அடுத்த நாள் சரிபார்க்கும் ஆசைக்கும் இதே பதில். சந்தேகம் வந்துவிட்டதா? முழுதாகக் கழற்றி, துடைத்து, மறுபடி முதலிலிருந்து.

7. வழிந்ததைத் துடையுங்கள். வெளியே நிற்பது உறையாது. தூசியைச் சேர்க்கும், அல்லது ஆயிலோடு கலக்கும். பிறகு பெயின்ட் பேனாவால் போல்ட் தலைமீதும் பாகத்தின்மீதும் சேர்த்து ஒரு கோடு. அடுத்த முறை மூடியைத் திறக்கும்போது கோடு முறிந்திருந்தால் போல்ட் நகர்ந்திருக்கிறது என்று ஒரு பார்வையிலேயே தெரியும். ஸ்பேனர் வைத்துப் பார்க்கவேண்டியதில்லை.

8. காத்திருங்கள். எஃகு மரையில், 22 டிகிரி வெப்பநிலையில் 243 சுமார் 10 நிமிடத்தில் பிடிக்கத் தொடங்கும். முழு வலிமைக்கு 24 மணி நேரம். துத்தநாகப் பூச்சு, ஸ்டெய்ன்லெஸ் எஃகு, அலுமினியம் ஆகியவற்றில் இது மெதுவாகும், குளிரிலும் அப்படியே. இரண்டு பக்கமும் இப்படி மந்தமான உலோகமாக இருந்தால் லாக்டைட் 7649 போன்ற முன்பூச்சு உதவும்; போல்ட் சாதாரண எஃகாக இருந்தால் வீட்டு வேலைக்கு அது பெரும்பாலும் தேவைப்படாது. மாலையில் மூடிவிட்டு மறுநாள் மாலை இன்ஜினை ஓட்டுவது என்று திட்டமிடுங்கள்.

முறுக்குவிசைக் கணக்கு

உலர்ந்த மரையைவிட, திரவப் பசை உள்ள மரை வழுக்கும். முன்சொன்ன கணக்கில் உராய்வுக்குப் போகும் 90 சதவீதத்தில் கொஞ்சம் குறைந்தால், அந்த மிச்சம் போல்ட்டை நீட்டுவதில் சேர்கிறது. 10 சதவீதமாக இருந்த பங்கு 15 ஆனால் இழுவிசை ஒன்றரை மடங்கு. இதனால்தான் ‘கொஞ்சம் பசை தடவினால் என்ன’ என்பது சாதாரணக் கேள்வி இல்லை.

கையேடு ஒரு போல்ட்டுக்குத் திரெட்லாக்கரும் கேட்டு முறுக்குவிசையும் கொடுத்திருந்தால், அந்த எண் பசையோடு சேர்த்த எண்தான். அப்படியே பின்பற்றுங்கள், குறைக்கவேண்டாம். கையேடு கேட்காத இடத்தில் நீங்களாகவே இடுவதாக இருந்தால் உலர்ந்த எண்ணைவிடக் குறைக்கவேண்டும். 10 முதல் 20 சதவீதம் என்பது பலரும் கடைப்பிடிக்கும் அளவு. ஆனால் இப்படிக் கணக்குப் போடவேண்டிய நிலை வந்தாலே, அந்த போல்ட்டுக்குப் பசை வேண்டுமா என்று நின்று யோசிப்பது நல்லது.

ஓர் எடுத்துக்காட்டு: கியர் ட்ரம்மின் நட்சத்திரத் தகடு

கிளட்ச் பக்கத்து மூடியைத் திறந்து கிளட்ச் கூடையை எடுத்தபிறகு, பல இன்ஜின்களில் க்ராங்க் கேஸ் சுவரில் நட்சத்திர வடிவத் தகடு ஒன்று தெரியும். அதன் பள்ளங்களில் ஓர் உருளை ஸ்பிரிங் விசையில் அழுந்தி நிற்கும். கியர் மாற்றும்போது காலில் உணரும் அந்தத் ‘தடக்’ இதிலிருந்துதான் வருகிறது. தகட்டை நடுவில் ஒரே ஒரு போல்ட் பிடித்திருக்கிறது, பெரும்பாலும் எம் 6. ஒவ்வொரு கியர் மாற்றத்திலும் அது இருபுறமும் முறுக்கு வாங்குகிறது. யுங்கர் சொன்ன குறுக்கு அசைவுக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. இது லூசானால் முதலில் கியர் சரியாக விழாது, நடுவே பொய் நியூட்ரல் வரும். கிளட்ச் தட்டுகளைக் குறைசொல்லி மாற்றிய பிறகும் தீராத கோளாறுகளில் சில இங்கேதான் இருக்கும்.

இந்த போல்ட்டின் துளை ட்ரம்மின் முனையில், அடி அடைபட்டது. சுற்றிலும் ஆயில் வழிந்துகொண்டே இருக்கும் இடம். வண்டியைச் சற்றே எதிர்ப்பக்கம் சாய்த்து நிறுத்தினால் வடிதல் குறையும். பஞ்சுக்குச்சியைத் துளையின் அடிவரை விட்டுச் சுழற்றி எடுங்கள். ஐந்தாறு குச்சிகள் செலவாகலாம், அது பரவாயில்லை. தகட்டின் பின்னால் உள்ள சிறு முளை ட்ரம் துளையில் பொருந்தியதா என்று பசையில்லாமல் பாருங்கள். பொருந்தாமல் இறுக்கினால் முளை வளையும். உருளைக் கையை ஸ்க்ரூ டிரைவரால் பின்னுக்குத் தள்ளிப் பிடித்துக்கொண்டு தகட்டை உட்காரவைத்து, ஒரு சிறு சொட்டு நீலம் துளையில், மெல்லிய பூச்சு போல்ட்டில். முறுக்குவிசை கையேட்டைப் பொறுத்தது. இந்த அளவு போல்ட்டுக்கு வழக்கமாக 10 அல்லது 12 நியூட்டன் மீட்டர் அருகே இருக்கும். ட்ரம் சுற்றுமே என்ற பயத்தில் அழுத்தி முறுக்கவேண்டாம். கையால் கியர்த் தண்டைத் திருப்பி எல்லாக் கியரும் விழுகின்றனவா என்று பார்ப்பதைப் பசை இடுவதற்கு முன்பே செய்துவிடுங்கள். கோடு இறுக்கிய பிறகு.

கழற்றும்போது

நீலம் இட்ட போல்ட் முதலில் ‘டக்’ என்று உடையும், பிறகு வெளியே வரும்வரை மணல் அரைப்பதுபோல நெருநெருவென்று தடுக்கும். அது இயல்பு, மரை போய்விட்டது என்று பதற வேண்டியதில்லை. சாக்கெட் தலையில் சரியாகப் பொருந்தியிருக்கிறதா என்று மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள்.

பேரிங் தகட்டின் பிளஸ் ஸ்க்ரூக்கள் வேறு கதை. பழைய ஜப்பானிய இன்ஜின்களில் இவை சாதாரண பிலிப்ஸ் வடிவம் அல்ல, ஜப்பானியத் தர வடிவம். தலையில் சிறு புள்ளி இருந்தால் அதுதான். சாதாரண ஸ்க்ரூ டிரைவர் மேலேறி வழுக்கித் தலையை உருட்டிவிடும். அதற்குரிய நுனியும், சுத்தியலால் தட்டும் இம்பாக்ட் டிரைவரும் வேண்டும். தட்டுவதற்கு முன் சூடு.

சூடு கொடுக்கச் சிறந்த கருவி சால்டரிங் அயர்ன். நுனியைப் போல்ட் தலையிலேயே சில நிமிடம் வைத்திருங்கள். வெப்பம் போல்ட்டுக்குள் இறங்கும், சுற்றிலும் பரவுவது குறைவு. அது போதாத இடத்தில் ஹீட் கன். நெருப்புச் சுடர் வேண்டாம்: அருகில் பெட்ரோல் ஆவி இருக்கலாம், ஆயில் சீல் கருகும், ஃப்ளைவீலின் காந்தமும் காயிலின் காப்பும் கெடும். சிவப்பு வகை இளகச் சுமார் 250 டிகிரி தேவை. நீலத்துக்கு அவ்வளவு வேண்டியதில்லை. சூடாக இருக்கும்போதே திருப்புங்கள், ஆறினால் பிடி திரும்பிவிடும். சூட்டில் எழும் புகை கண்ணையும் மூக்கையும் எரிக்கும் என்பதால் கதவைத் திறந்துவைத்து வேலை செய்யுங்கள்.

வெளியே வந்த போல்ட்டை உடனே ஓரம் போட்டுவிடாதீர்கள். மரையில் வெள்ளைப் பொடி மட்டும் இருந்தால் துடைத்து மறுபடி பயன்படுத்தலாம். வெள்ளிக் கம்பிச் சுருள்போல அலுமினியம் மரைப் பள்ளத்தில் சுற்றிக்கொண்டு வந்திருந்தால் அது துளையின் மரை. அந்தத் துளைக்குப் பசை எதுவும் பயன்படாது. அதைப் பெரிதாக்கி ஹெலிகாயில் என்ற கம்பிச் சுருள் உள்மரை பதித்த பிறகுதான் திரெட்லாக்கர் குப்பிக்கு அங்கே வேலை.